ஒன்ஸ்மோர் கேட்டவன்

சுவரொட்டிக்குப் பசை காய்ச்சும்போது மைதாவோடு கொஞ்சம் மயில்துத்தம் சேர்க்க வேண்டும், மேடம். இல்லாவிட்டால் ஒட்டின கையோடு மாடு வந்து நக்கித் தின்றுவிடும். பாளையங்கோட்டை மாடுகளுக்கு எது கல்யாணப் போஸ்டர், எது கண்ணீர் அஞ்சலி என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எந்தக் காரியத்தையும் ஏனோதானோவென்று செய்கிற ஆள் நான் இல்லை. நீங்கள் கேட்டதையும் முதலிலிருந்தே முறையாகச் சொல்லிவிடுகிறேன். டீ வருமென்றால் எனக்குச் சர்க்கரை குறைவாகச் சொல்லுங்கள்.

என் பெயர் பாபநாசம். அரசாங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். அதற்காக யாரும் எனக்கு வணக்கம் வைப்பதில்லை. டிவி எஸ்றா ரசிகர் பேரவையின் நிறுவனத் தலைவர் என்பதற்காகத்தான் வைக்கிறார்கள். எஸ்றா அண்ணாச்சியை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் அவருடைய நகைச்சுவை நிகழ்ச்சி ஓடிய வருஷங்களில் முருகன்குறிச்சியில் ஒரு ஆட்டோ கிடைக்காது. டிரைவர்கள் எல்லாம் டிவி இருக்கிற டீக்கடையில் நிற்பார்கள். அவர் இந்த ஊர்க்காரர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் வாத்தியாராக இருந்து, பிறகு சென்னைக்குப் போய், பேரும் புகழும் வாங்கிக்கொண்டு வயதான காலத்தில் திரும்பி வந்தவர்.

எங்களுக்குப் போட்டியாக ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு மன்றம் உண்டு. அதன் தலைவர் செந்தூர்பாண்டி, வாழைத்தார் வியாபாரி. அண்ணாச்சியின் போன பிறந்தநாளுக்கு அவர் எங்கள் ஊருக்குள்ளேயே வந்து, எனக்கு முந்தின நாளே ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டுப் போய்விட்டார். என் வீட்டுத் தெருமுனை ஃப்ளெக்ஸில் அவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இனி எதிலும் அந்த ஆளை முந்தவிடக் கூடாது என்று வைராக்கியம் வந்துவிட்டது.

அந்த வைராக்கியத்தில்தான் ஒரு தப்பு நடந்தது. அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு நான் ஐசியூ வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சபைப் போதகர் கையில் வேதப்புத்தகத்தோடு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். அண்ணாச்சி மனைவி முத்துராணி அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார்கள். நாங்கள் சைவக் குடும்பம், மேடம். எங்கள் ஆட்கள் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓதுவாரைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. அவரைக் கூப்பிட்டுத் திருவாசகம் பாடச் சொன்னால் ஆள் முடிந்துபோனார் என்று பொருள். கிறிஸ்தவர்களில் காய்ச்சல் தலைவலிக்குக்கூடப் போதகர் வந்து ஜெபம் பண்ணுவார் என்பது இத்தனை வருஷம் பழகியும் எனக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. நேராக எங்கள் பேரவைக்குப் போஸ்டர் அடித்துக் கொடுக்கிற பெனோவின் அச்சகத்துக்குப் போனேன்.

"சிரிக்க வைத்த சிங்கமே, அழ வைத்துச் சென்றாயே" என்று தலைப்பு. கீழே அண்ணாச்சி படம், பக்கத்தில் நான் கைகூப்பி நிற்கிற படம். அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சலிக் கூட்டம், ரசிகர்கள் அண்ணாச்சியின் மறக்க முடியாத காட்சிகளை நினைவுகூர்வார்கள், தலைமை பாபநாசம். விடியும்போது வண்ணார்பேட்டையிலிருந்து சமாதானபுரம் வரை சுவரில் இடம் பாக்கியில்லை. சென்னை டிவிக்காரர்கள் அதைப் போனில் பார்த்துவிட்டு, கூட்டத்தைப் படம்பிடிக்க வருகிறோம் என்று என்னையே கூப்பிட்டுச் சொன்னார்கள். செந்தூர்பாண்டியை நினைத்தேன். மனசுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

பசைக் கையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி மகள் டார்லின் போன் பண்ணினாள். "மாமா, அப்பா கண்ணு முழிச்சிட்டாவ. இட்லி கேக்காவ" என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் இட்லி கேட்கிற மனிதருக்கு ஊர் முழுக்கக் கண்ணீர் அஞ்சலி ஒட்டியவனின் நிலைமையையும் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். மத்தியானத்துக்குள் செந்தூர்பாண்டி ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார். "பாபநாசம் அண்ணாச்சிக்கு என்ன அவசரம்னு கேக்கேன். ஆள உயிரோட அடக்கம் பண்ணிருவாரு போலுக்கே. கூட்டத்தன்னைக்கு வாரேன், தலைவர் பதவிக்கு ஒரு அஞ்சலி போட்டுருவோம்" என்று. அதற்கு எத்தனை சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன என்று நான் எண்ணவில்லை. பால் வாங்கப் போனால் கடைக்காரன், "அண்ணாச்சி, என் போட்டோவும் ஒண்ணு குடுத்து வைக்கட்டா?" என்கிறான்.

மூன்றாம் நாள் அண்ணாச்சியைத் தனி அறைக்கு மாற்றினார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். யாரோ அவரிடம் போஸ்டரைக் காட்டிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் தலையணையில் சாய்ந்தபடியே, "வாரும்வே. நான் எறங்கதுக்குள்ள என் சீட்டுல துண்டப் போட்டுட்டேரே" என்றார். நான் வாயைத் திறக்குமுன், "அதுவும் போகட்டும். செத்தது நானா நீரா? உம்ம படம்லா பெருசா இருக்கு" என்று சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, நர்ஸ் ஓடி வந்தாள். பின்னாலேயே வந்த டாக்டர் எங்களைப் பார்த்து, "உட்காந்து பேசலாம். ஆனா எழுந்திரிக்கக் கூடாது, ஆடக் கூடாது, இப்படிக் குலுங்கிச் சிரிக்கக் கூடாது. இதயம் தாங்காது" என்று கண்டித்தார். நான் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டேன்.

மூச்சு அடங்கியதும் அண்ணாச்சி தன் யோசனையைச் சொன்னார். கூட்டத்தை ரத்து செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை சக்கர நாற்காலியில் அவரே மேடைக்கு வருவார். தன் அஞ்சலிக் கூட்டத்தில் தானே ஒரு காட்சி பண்ணுவார்.

"என்ன காட்சி அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"உம்மதான்வே" என்றார்.

படுக்கையில் உட்கார்ந்தபடியே செய்து காட்டினார். இடுப்புக்கு மேலேதான் அசைந்தார். ஆனால் அங்கே இருந்தது நான். பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமுகிற விதம், வேட்டி நுனியைத் தூக்கிப் பிடிக்கிற விதம், பசை வாளியைக் கோயில் பிரசாதம் மாதிரி ஏந்துகிறது, சுவரில் என் படத்தை மட்டும் இரண்டு தடவை தடவிவிடுகிறது. நான் அப்படித் தடவினது உண்மை. அதை யார் அவருக்குச் சொன்னார்கள் என்று இன்று வரை தெரியாது. டார்லின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அவர் செய்ததிலேயே அதுதான் உச்சம். அதைத் தமிழ்நாடே பார்க்கப் போகிறது. நான் செத்த பிறகும் என்னை யார் நினைத்தாலும் அந்தப் பசை வாளியோடுதான் நினைப்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மேடம். அதை மறைக்க ஒன்றுமில்லை.

இருந்தாலும் நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை. பேரவையின் கௌரவத்தையும், வரப்போகிற ரசிகர்களின் மனநிலையையும் யோசித்தேன். அழுவதற்கென்று கிளம்பி வருகிறவர்களை ஏமாற்றக் கூடாது.

சனிக்கிழமை மத்தியானம் முத்துராணி அக்கா குளிக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். டார்லின் மருந்து வாங்கக் கீழே போகும்போது, "மாமா, அப்பாவ எந்திரிக்க மட்டும் விட்டுராதிய" என்று சொல்லிவிட்டுப் போனாள். மருந்துக்கடையில் எப்போதும் கூட்டம்.

அண்ணாச்சியிடம் எனக்குத் தெரிந்த ஒரு குணம் உண்டு. தன் காட்சியை யாராவது தப்பாகச் செய்தால் அவரால் பொறுக்க முடியாது. திட்டினால் பொறுப்பார், பாராட்டாவிட்டால் பொறுப்பார், தப்பாகச் செய்தால் பொறுக்க மாட்டார். வாத்தியார் புத்தி. நான் மெல்ல, "நாளைக்குக் கூட்டத்துல பேசணும் அண்ணாச்சி, காட்சியெல்லாம் சரியாச் சொல்லுதேனான்னு பாருங்க" என்று ஆரம்பித்தேன்.

முதலில் கல்யாணப் போட்டோகிராபர். மாப்பிள்ளையின் தாடையைத் தூக்கு, தூக்கு என்று கடைசியில் அவனை உத்தரம் பார்க்க வைத்துவிடுகிற காட்சி. நான் தாடையை இடது பக்கம் திருப்பினேன். "தூக்கணும்வே, திருப்பப்படாது" என்று படுத்தபடியே கையால் காட்டினார். அடுத்து பந்தி. சாம்பார் வாளி எல்லா இலைக்கும் போய் அவர் இலையை மட்டும் தாண்டிப் போகும். ஒரு வார்த்தை பேசாமல் கண்ணை மட்டும் வாளியின் பின்னால் அனுப்புவார். நான் வேண்டுமென்றே, "ஏ சாம்பார்" என்று கூப்பிட்டேன். அண்ணாச்சி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "கூப்பிட்டா அதுல என்னவே இருக்கு? கூப்பிடத் தெரியாதவன்தானே அவன்" என்றார்.

மூன்றாவது, சபை அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வந்த காய்கனியை ஏலம் விடுகிற காட்சி. ஒரு பூசணிக்காய்க்கு மனைவி ஒரு மூலையிலிருந்து ஏலம் கேட்பாள், அது தெரியாமல் புருஷன் மறு மூலையிலிருந்து ஏற்றிக்கொண்டே போவான். நான் மனைவி குரலை ஆண் குரலில் கேட்டேன். அவர் காலைக் கீழே போட்டார். கட்டிலோரமாக நின்று இரண்டு குரலிலும் கேட்டுக் காட்டினார். பூசணிக்காயைக் கையில் வாங்குகிற இடத்தில் முகம் எப்படி மாறியது தெரியுமா. நான் உண்மையிலேயே கை தட்டினேன்.

பிறகு நான் ஆஸ்பத்திரித் துண்டை எடுத்தேன்.

"துண்டு" எது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குள் பஸ் நுழையும்போதே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து சீட்டுப் பிடிப்பான். பஸ் நிற்காமல் துண்டோடு போய்விடும். அவன் துண்டுக்காக ஓடுவான். நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டு, டிரைவர், கண்டக்டர், துண்டு விழுந்த சீட்டில் இருக்கிற கிழவி என்று எல்லோரிடமும் கெஞ்சுவான். அண்ணாச்சி நல்ல வயதில் செய்யும்போதே சட்டை நனைந்துவிடும். நான் பஸ் நின்ற பிறகு பொறுமையாக நடந்துபோய்த் துண்டை வைத்தேன்.

"ஏ மூதி" என்றார். அத்தனை வருஷப் பழக்கத்தில் என்னை ஒருமையில் பேசியது அன்றைக்குத்தான். "நின்ன பொறவு போடுததுக்கு எதுக்குலே துண்டு? கொண்டா இங்கன."

ஓடினார். அந்தச் சின்ன அறையில், ஆஸ்பத்திரி அங்கியோடு, ஒரு பஸ் ஸ்டாண்டையே கொண்டுவந்து நிறுத்தினார். நான் நாற்காலியில் உட்கார்ந்து, "ஒன்ஸ்மோர்" என்றேன். அவர் ரசிகனின் ஒன்ஸ்மோரை மறுத்தவர் இல்லை. மறுபடியும் ஓடினார்.

டார்லின் மருந்தோடு வந்தபோது நான் நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடக்கம். சாயங்காலம் கூட்டம். போஸ்டரில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அரங்கத்தில் நிற்க இடமில்லை. காலேஜ் பேராசிரியை ஷம்ஸியா ஏலக் காட்சியைச் சொல்லும்போது சிரித்து, பூசணிக்காய் வந்ததும் அழுதுவிட்டார். செந்தூர்பாண்டி பந்தியைச் சொல்ல வந்து, சொல்ல முடியாமல் என் தோளில் சாய்ந்து, "வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன் அண்ணாச்சி, மனசுல வச்சுக்கிடாதிய" என்றார். நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அத்தோடு விட்டிருந்தால் உங்களுக்கும் எனக்கும் இந்தச் சிரமம் இல்லை. ஆனால் எல்லோரும் டிவியில் பார்த்ததையே சொல்கிறார்கள், மேடம். தலைவர் என்று ஒருவன் எழுந்து அதையே சொன்னால் நன்றாகவா இருக்கும்? யாரும் பார்க்காத கடைசி "துண்டு" எனக்கு மட்டும் கிடைத்தது என்று மைக்கில் சொல்லிவிட்டேன். அப்படி ஒரு கைதட்டல் நான் வாழ்நாளில் வாங்கினதில்லை.

டார்லின் மட்டும் தட்டவில்லை. கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்து, "அப்பா எதுக்கு மாமா எந்திரிச்சாவ?" என்று பைய கேட்டாள். நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலைத்தான் அவள் உங்கள் ஸ்டேஷனில் புகாராக எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டாவது ஓட்டத்தின் முடிவில் அண்ணாச்சி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கை கூப்பினார், காட்சியில் புதிதாகச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்துவிட்டேன் என்று.

அது சரியில்லை, திருத்திக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியில் கை கூப்புகிற இடமே கிடையாது. போதும் என்று கெஞ்சுகிறார் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. நான் எழுந்து நின்று, கை தட்டி, இன்னொரு தடவை ஒன்ஸ்மோர் என்றேன். அதற்கும் ஓடினார், மேடம். எனக்கு ஒருவனுக்காக மட்டும் ஓடினார். செந்தூர்பாண்டி கேட்டிருந்தால் ஓடியிருப்பாரா, நீங்களே சொல்லுங்கள்.