ஒன்பதாம் மாத வளைகாப்பு

எங்கள் வீட்டில் எறும்புத் தொல்லை அதிகம், மேடம். விஜயநகரில் எங்கள் தெரு முழுக்க இதே புலம்பல்தான். சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்தாலும் எப்படியோ வழி கண்டுபிடித்துவிடும். ஆனால் மருந்துக் குப்பியில் எறும்பு மொய்க்கும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்திருந்தால் அதை லாய்ட் கண்ணில் படும்படி விட்டிருக்க மாட்டேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன்.

நிக்கோல் என் தங்கை. அம்மா போனபோது அவள் பால்பல் விழாத குழந்தை. தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பியது நான். இளைப்பு வந்தால் மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்ததும் நான். லாய்டைப் பார்த்துக் கட்டிக்கொடுத்ததும் நானும் என் கணவர் பர்னபாஸும்தான். மாடியில் அவர்கள், கீழே நாங்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். நுரையீரலைக் கண்ணை மூடிக்கொண்டு போர்டில் வரைவேன்.

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வளைகாப்பில் பிள்ளை இல்லாதவளைக் கர்ப்பிணியின் பக்கத்தில் உட்காரவைத்து அவளுக்கும் இரண்டு வளையல் போடுவார்கள். அடுத்தது உனக்குத்தான் என்று அர்த்தம். சர்ச்சுக்குப் போகிறவர்களானாலும் இதை மட்டும் விடவில்லை. என்னிடம் ஒரு பெட்டி நிறைய அந்த வளையல்கள் இருக்கின்றன. போட்டவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் போட்டார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் நான் வெறுத்தேன்.

நிக்கோல் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். அவள் காலையிலும் மாலையிலும் இழுக்கிற மருந்துதான் உறுத்தியது. பொடி அடைத்த சின்னக் கூடு மாத்திரை. கருவிக்குள் போட்டு உறிஞ்ச வேண்டும். வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இதெல்லாம் வேண்டாமே என்றேன். சரி, டாக்டரையே கேட்போம் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "அம்மாவுக்கு மூச்சு இருந்தாத்தான் பிள்ளைக்கு மூச்சு. இந்த மருந்தால பயமில்லை. நிறுத்தினாத்தான் பயம்." அவசரத்துக்கு அடித்துக்கொள்ள நீல நிறப் பம்பு ஒன்றும் எழுதிக் கொடுத்தார், எப்போதும் கையோடு இருக்க வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டினேன். எழுந்து வரும்போது ஒரு சந்தேகம் மட்டும் கேட்டேன். எட்டாம் மாதம் முடிந்து பிறக்கிற பிள்ளை பிழைக்குமா என்று. தாராளமாகப் பிழைக்கும் என்றார்.

ஆட்டோவில் திரும்பும்போது நிக்கோல் என் தோளில் சாய்ந்துகொண்டாள். "லாய்டுக்கு மஸ்கட்ல வேலை ஆயிடுச்சு அக்கா. பாப்பா பொறந்து மூணு மாசத்துல நாங்களும் கெளம்பிடுவோம். நீ அழக்கூடாது, தினமும் வீடியோ கால்ல காட்டுறேன்."

நான் அழவில்லை.

அவளுக்கு மருந்து எடுத்து வைப்பது என் வேலை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தட்டுக்குப் பக்கத்தில் நான் வைப்பேன், அவள் பார்க்காமல் எடுத்துக்கொள்வாள். அதனால் கஷ்டமே இல்லை. ஒவ்வொரு மாத்திரையையும் பிரித்து, பொடியைக் கொட்டிவிட்டு, கொஞ்சம் குளுக்கோஸ் நிரப்பி மூடினேன். பிள்ளைக்குள் மருந்து போகக் கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். பிரசவம் வரை ஒரு பெண் மருந்தில்லாமல் இருக்க முடியாதா என்ன.

இளைப்பு கூடிக்கொண்டே வந்தது. "மருந்து இழுத்தும் நெஞ்சு அடைக்குதே அக்கா" என்றாள். வயிறு பெரிதானால் எல்லோருக்கும் மூச்சு வாங்கும் என்றேன். நான் சொன்னால் அவள் நம்புவாள். லாய்ட் டாக்டரிடம் போகலாம் என்றபோதும், அக்கா சொல்லிட்டா, பரவாயில்லை என்று அவள்தான் தடுத்தாள்.

ஏழாம் மாதமே வளைகாப்பு வைக்கலாம் என்றார்கள். ஒன்பதில் வைப்போம் என்று நான்தான் சொன்னேன். இரண்டும் வழக்கம்தான் என்பதால் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பர்னபாஸ் மட்டும், அவ்வளவு தள்ளணுமா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அன்றைக்குக் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். ஈரத் தலைக்குச் சாம்பிராணி போட்டேன். எங்கள் வீட்டில் எப்போதும் போடுவதுதான், அவளுக்கு மட்டும் சின்ன வயதிலிருந்து போட்டதில்லை. "எனக்கு ஒத்துக்காதே அக்கா" என்றாள். இன்றைக்கு ஒரு நாள் பொறுத்துக்கோ, கூந்தல் மணக்க வேண்டாமா என்றேன். ஜன்னல்களைச் சாத்தினேன், பனிக்காற்று அடிக்கக் கூடாதே என்று. வந்தவர்கள் எல்லோரும் வாசனை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

முழங்கை வரை வளையல் அடுக்கியாயிற்று. எனக்கும் இரண்டு போட்டார்கள். அப்போதுதான் அவளுக்கு இழுக்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் கௌரம்மாதான் முதலில் பார்த்தார். பொண்ணைப் பார், பம்பு எங்கே என்று கன்னடம் கலந்த தமிழில் பதறினார். "ஜேன், ஹுடுகிக்கு மூச்சு வரலை நோடு. பம்பு எல்லி?"

பம்பு அவள் கைப்பையில் இருந்தது. பத்துப் பேர் வந்து போகிற இடம், பத்திரமாக இருக்கட்டும் என்று கைப்பையை நான் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். சாவியைத் தேடினோம். கட்டிலுக்கு அடியில், சமையலறையில், சாமான் கூடையில், எல்லா இடத்திலும் தேடினோம். எல்லோரையும்விட அதிகமாக நான்தான் தேடினேன். சாவி என் இடுப்பில் இருந்தது, மேடம்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட இடமில்லாமல் வளையல்களை உடைத்தார்கள். பிள்ளையை அறுத்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. எடை குறைவு, ஆனால் நல்ல குரல். நிக்கோல் கண் விழிக்கவில்லை.

ஈதன் என்று நான்தான் பேர் வைத்தேன். லாய்டுக்கு இந்த ஊரில் இருக்கவே முடியவில்லை. பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டு மஸ்கட் போய்விட்டான். ஈதனை நான் வளர்த்ததில் ஒரு குறை சொல்லட்டும் யாராவது. முதல் பிறந்தநாளுக்கு லாய்ட் வந்தான். மாடியில் அவள் சாமான்களை ஒழுங்குபடுத்தினான். மூடி சரியாகத் திருகாத குப்பியில் எறும்பு வரிசை கட்டியிருந்ததைப் பார்த்தான். ஒன்றைப் பிரித்து நாக்கில் வைத்தான். பிறகு அவன் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தது உங்களுக்குத் தெரியும்.

நான் அவளைக் கொல்லவில்லை என்று சொல்ல வரவில்லை. பிள்ளைக்கு மருந்து போகக் கூடாது என்ற பயம். அந்த ஒரு பயத்தால்தான் எல்லாம் செய்தேன். அதை மட்டும் நீங்கள் மறக்காமல் எழுதிக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று. லாய்டுக்கு ஒரு போன் போட்டுக் கொடுங்கள். ஈதனுக்கும் அவன் அம்மா மாதிரியே இளைப்பு. சாயங்கால மருந்து கொடுக்கிற நேரம் இது. அவள் இழுத்த அதே மருந்துதான், சின்னப் பிள்ளைகளுக்கான பம்பில் வருகிறது. நன்றாகக் குலுக்கி, முகமூடியை மூக்கோடு சேர்த்து வைத்து அழுத்த வேண்டும். பிறகு ஈரத்துணியால் வாயைத் துடைக்க வேண்டும். லாய்டுக்கு இதெல்லாம் தெரியாது. நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. பயப்படாமல் கொடுக்கச் சொல்லுங்கள், மேடம். அந்த மருந்து பிள்ளையை ஒன்றும் செய்யாது.