சுளகுக்குப் பதிலாக

"வெள்ளைக்காரி சுளகை வைச்சு என்ன செய்யப்போறா?"

வவுனியா ஸ்டேசனில் கொழும்பு ரயிலுக்குக் காத்திருந்த நான் திரும்பிப் பார்த்தேன். பக்கத்து வாங்கில் கோட்டுப் போட்ட விவசாய உத்தியோகத்தர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவியின் மடியில் நெல் புடைக்கிற புதுப் பனையோலைச் சுளகு.

"லண்டனிலை நெல் மகாநாடு முடியுமட்டும் அந்த வெள்ளைக்காரப் பேராசிரியர் வீட்டிலைதானே நிக்கப்போறியள்? வெறுங்கையோடையே போறது?"

"இது பெட்டிக்குள்ளை போகாதப்பா."

"அப்ப தேன் போத்தல்?"

"உடைஞ்சால் கோட்டெல்லாம் எறும்பு."

"பேராசிரியரின்ரை மனுசி கடிதத்திலை ஒண்டும் கேக்கேல்லையே?"

"இல்லை. எனக்கெண்டு சோறு காய்ச்சப் பழகிறாவாம். ரெண்டு தரமும் குழைஞ்சு போச்சாம்."

மனைவி சிரித்துக்கொண்டே சுளகைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒரு சாமானும் வேண்டாம். குழைஞ்சாலும் நல்லாயிருக்கெண்டு சொல்லி, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கோ."

"அது மட்டும் காணுமே?"

"ஓம், காணும். இத்தனை வருசத்திலை எனக்கு நீங்கள் தராத பரிசு."

 ரயில் வந்தது, அவர் ஏறி என் எதிரே உட்கார்ந்தார். வண்டி நகரத் தொடங்கியதும் மனைவி கட்டிக் கொடுத்த சோற்றுப் பார்சலை அவசரமாகப் பிரித்து ஒரு வாய் வைத்தார். பிறகு யன்னலால் தலையை நீட்டி, மேடையில் நின்ற மனைவியைப் பார்த்துக் கத்தினார்:

"இஞ்சரும், நல்லாயிருக்கு! இன்னும் கொஞ்சம் வைச்சிருக்கலாம்!"