மூன்று இதழ்கள்

"மூணு இதழ்னு போடு அக்கா. கறுப்பு ரப்பர்னும் போடு, அப்புறம்—"

"எதுக்கு எல்லாத்தையும் அள்ளிக் கொட்டுற? அண்ணிக்குத் தெரியாதா—"

"நான் பேசிட்டிருக்கேன்ல. எஃகு ஸ்பிரிங்னு எழுது—"

"ஸ்பிரிங்கே இல்லாம ஒருத்தன் செஞ்சா?"

என் மேசைக்கு எதிரே தங்கையும் அவள் கணவரும் இப்படி முட்டிக்கொண்டிருந்தபோது நான் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிளேடால் சீவத்தான் பிடிக்கும். சுருள் அறுந்து போகாமல் விழ வேண்டும். கை நிதானமாக இருக்கிறதா என்று அதில் தெரிந்துவிடும். அன்று அறுந்து போகவே இல்லை.

விஷயம் இதுதான். தன் மாமியார் குளியலறையில் இரண்டு முறை வழுக்கி விழுந்த பிறகு, தங்கை பழைய செருப்பை வெட்டி ஊன்றுகோலுக்கு ஒரு பாதம் செய்தாள். எடை அழுந்தினால் இதழ்கள் விரிந்து ஈரத்தரையைக் கவ்வும், தூக்கினால் மூடிக்கொள்ளும். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இது உண்மையான கண்டுபிடிப்பு என்று. முப்பத்தோரு வருடமாகக் காப்புரிமை விண்ணப்பம் எழுதுகிறவளுக்கு அது தெரியாமல் போகாது.

விண்ணப்பத்தில் படம் உண்டு, விளக்கம் உண்டு. ஆனால் பிறர் நகலெடுக்காமல் தடுக்கும் வேலி என்பது கடைசியில் வரும் கோரிக்கைதான், இன்னது எனக்கே உரியது என்று சொல்லும் பகுதி. அதில் சொன்ன அத்தனையும் அடுத்தவன் பொருளில் இருந்தால்தான் அவன் நம் வேலிக்குள் கால் வைத்தவன். ஒன்று குறைந்தாலும் தப்பித்தான். ஆகவே குறைவாகச் சொன்னால் நிலம் பெரிது. சொல்லச் சொல்லச் சுருங்கும். வெளியாட்கள் இதைத் தலைகீழாக நினைப்பார்கள். என் தங்கையும் அப்படித்தான் நினைத்தாள்.

அவள் கணவர் நினைக்கவில்லை. பஸ் ஓட்டுகிறவர், நேராகவே கேட்டார். "அண்ணி, மூணுன்னு எழுதிட்டா, ரெண்டு வச்சு எவனாவது செஞ்சா நாம கேக்க முடியுமா?"

"விவரம் கூடக் கூடத்தான் பலம் மாப்பிள்ளை. நீங்க பஸ் ஓட்டும்போது நான் வழி சொல்றேனா?"

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்பீர்கள். படிவத்தில் கண்டுபிடிப்பாளர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. எத்தனையோ நூறு கட்டங்களை நிரப்பியிருக்கிறேன். அன்று காலை தன் பெயரை எழுதிவிட்டு, தங்கை என் கன்னத்தைக் கிள்ளினாள். "பத்தாவது தாண்டாதவ பேரு மேல வருது பாத்தியா? நீ எழுதித்தானே குடுக்கிற." விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை.

தனிநபர் என்பதால் கட்டணம் குறைவு. பத்துக் கோரிக்கை வரை கூடுதல் கட்டணம் கிடையாது, பத்தும் எழுதினேன். பத்திலும் மூன்று இதழ், கறுப்பு ரப்பர், எஃகு ஸ்பிரிங். விளக்கப் பகுதியிலும் வேறு எதற்கும் இடம் வைக்கவில்லை. தாக்கல் செய்த பிறகு கோரிக்கையைச் சுருக்கலாம், விரிக்க முடியாது. அதை அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காப்புரிமை கிடைத்தது. சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினாள். அவர் வேலையை விட்டார். வீட்டை விற்று, தகரக் கொட்டகை போட்டு ரப்பர் வார்க்கும் இயந்திரம் வாங்கினார்கள். எட்டு மாதத்தில் ஒரு பெரிய தொழிற்சாலையின் பாதம் கடைக்கு வந்தது. இரண்டு இதழ், நைலான், ஸ்பிரிங் இல்லை. வெளியான நம் விண்ணப்பத்தைப் படித்துத்தான் செய்திருந்தார்கள். நாம் அனுப்பிய நோட்டீசுக்கு அவர்கள் வக்கீல் ஒரே பக்கத்தில் பதில் போட்டார். பிழையில்லாத பதில்.

கொட்டகை மூடிவிட்டது. மாப்பிள்ளை இப்போது அதே தொழிற்சாலையில் அந்த இரண்டிதழ்ப் பாதங்களைப் பெட்டியில் அடுக்குகிறார். வேலை நேரத்தில் உட்காரக்கூடாதாம். மாமியார் அதில் ஒன்றை ஊன்றித்தான் நடக்கிறாள். விழவில்லை. நல்ல பொருள்.

ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. விண்ணப்பம் எழுத அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே, பாதத்தை அவள் வீட்டில் பார்த்ததும், சரியான கோரிக்கையை எழுதி வைத்திருந்தேன். நாலே வரி. இதழுக்கு எண்ணிக்கை இல்லை, ரப்பர் இல்லை, ஸ்பிரிங் இல்லை. எந்தத் தொழிற்சாலையும் அதைத் தாண்டியிருக்க முடியாது. இத்தனை வருடத்தில் நான் எழுதியவற்றில் அதுதான் சிறந்தது. இழுப்பறையில் இருக்கிறது, அவ்வப்போது எடுத்துப் படிப்பேன். அவள் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவள் கேட்டது மூன்று இதழ். என் தங்கை கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

நேற்றும் வந்திருந்தாள். கை காய்த்திருந்தது. பையிலிருந்து ஒரு புது வரைபடத்தை எடுத்து, என் மேசையில் விரித்து, நான்கு மூலையையும் உள்ளங்கையால் நீவினாள். சக்கர நாற்காலிக்கு ஒரு பிரேக். இதுவும் உண்மையான கண்டுபிடிப்புதான். நான் பென்சிலையும் பிளேடையும் எடுத்தேன்.

"போன தடவை நாம விவரம் பத்தாம விட்டுட்டோம்க்கா. இந்தத் தடவை ஒண்ணு விடாம எழுதிடு, என்ன?"