எண்பதில் கூவும் கோழி

கோழி கூவியது. மேஜைக்கு அப்புறம் இருந்த எஸ்.ஐ. திடுக்கிட்டு எழுந்தார். எழுத்தர் சுகிர்தபாயின் கையிலிருந்து பேனா விழுந்தது.

பயப்பட ஒன்றுமில்லை, அது என் போன்தான் என்று சொன்னேன். காலையில் அதை என்னிடமிருந்து வாங்கி, ஸ்டேஷன் சுவரில் சார்ஜுக்குப் போட்டிருந்தார்கள். எண்பது சதவீதம் ஆனதும் கோழி கூவும்படி நான்தான் வைத்திருக்கிறேன். நூறு வரை ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடும். இருபதுக்குக் கீழே இறங்கவும் விடக்கூடாது. இவ்வளவுதான் விஷயம், ஆனால் யாரும் கடைப்பிடிப்பதில்லை. சுகிர்தபாய் எழுந்து போய் வயரைப் பிடுங்கினார். அவருக்கு நன்றி சொன்னேன்.

என் பெயர் சொக்கநாதன். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் முப்பத்தொரு வருடம் கிளார்க். ஒரு கோப்பும் என் கையில் கெட்டுப்போனதில்லை. அந்த போனை மகள் அஜிதா பெங்களூரிலிருந்து வாங்கி அனுப்பினாள். கூட வந்த வேக சார்ஜரைப் பெட்டியோடு எடுத்து வைத்துவிட்டேன். வேகம் சூடு, சூடு கேடு. பழைய சார்ஜர் மெதுவாகத்தான் ஏற்றும். எனக்கென்ன அவசரம்?

எங்கள் வீடு பாறசாலைக்குத் தெற்கே, எல்லையை ஒட்டி. அடுக்களையில் நின்றால் கேரள டவர், கிணற்றடியில் நின்றால் தமிழ்நாட்டு டவர். போன் இரண்டுக்கும் நடுவே அலைந்து அலைந்து சூடாகிவிடும். அதனால் சார்ஜ் ஏறும்போது ஏரோப்ளேன் மோடில் போட்டு, உறையைக் கழற்றி, வெறுந்தரையில் வைப்பேன். சித்திரை வெயில் என்றால் மேஜை விசிறியையும் அதன் பக்கம் திருப்பி வைப்பேன். எங்கள் பக்கத்து ஆட்டோக்காரர் பொன்னையன் இதைப் பார்த்துவிட்டு, "சாரே, போனுக்கு ஊட்டி, குளிப்பாட்டி, காத்தும் வீசுதீங்க. இனி பள்ளிக்கூடத்தில சேத்தா போதும்" என்பார். நானும் சிரிப்பேன்.

என் மனைவி ஆனந்தலட்சுமிக்கு இந்த ஒழுங்கு கிடையாது. போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே கோட்டுகாலில் இருக்கும் அக்காவோடு இரண்டு மணி நேரம் பேசுவாள். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவாள். போன ஓணத்துக்கு மறுநாள் அவள் போனின் பேட்டரி வீங்கத் தொடங்குவதாக எனக்குப் பட்டது, எடுத்து வைத்துவிட்டேன். புதிது வேண்டாம், என்னுடையது போதும் என்று முடிவு செய்தேன். அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்தது. நல்ல அமைதி.

அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. அப்படி வந்தால் பொன்னையனைப் போனில் விளிக்க வேண்டும், ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார், ஆஸ்பத்திரி இருபது நிமிடம். இது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை மதியம் மூன்று மணிக்கு இழுப்பு வந்தது. இன்ஹேலர் தீர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ரத்னபாய் கல்யாணத்துக்குப் போயிருந்தார். போன் சார்ஜில், நாற்பத்தாறில் இருந்தது.

"இஞ்சேருங்க, பொன்னையனை விளியுங்க" என்றாள்.

"இரி, இப்ப எண்பது ஆவும்" என்றேன். பாதியில் எடுத்துப் பேசினால் சூடாகும் என்பதை அவளுக்கு முன்பே பலமுறை விளக்கியிருக்கிறேன்.

வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். நெஞ்சில் தைலம் தேய்த்தேன். அவள் விசிறியைத் தன் பக்கம் திருப்பினாள். நான் அதை இருவருக்கும் நடுவில் நிறுத்தினேன். அதில் ஓரவஞ்சனை இல்லை. ஐம்பத்தெட்டில் அவள் தரையோடு நகர்ந்து வந்து வயரைப் பிடுங்கினாள். அவள் கையை மெதுவாக எடுத்துவிட்டு மறுபடியும் மாட்டினேன். கோபப்படவில்லை.

"எனக்க சீவன் போவுது. அதுக்க சீவன்தான் உங்களுக்கு பெருசா?" என்றாள். மூச்சு முட்டும்போது மனிதர்கள் எதையாவது சொல்வார்கள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை போனாள். வெளியே கடும் வெயில். அழைத்து வந்து உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். எழுபத்தொன்றில் அவள் சத்தம் நின்றது. தூங்கிவிட்டாள், நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன்.

நாலேகாலுக்குக் கோழி கூவியது. வயரைக் கழற்றினேன், மோடை மாற்றினேன், பொன்னையனை விளித்தேன். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. அவரும் சொன்னபடி ஐந்து நிமிடத்தில் வந்தார். அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "சாரே, ஒரு மணிக்கூறு முன்ன விளிச்சிருந்தா ஆஸ்பத்திரில எத்திச்சிருப்பேனே" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது போன் எழுபத்தொன்பதில் இருந்தது.

புகார் கொடுத்தது அஜிதா. அன்று மதியம் பதினோரு தடவை முயன்றாளாம், போன் கிடைக்கவில்லையாம். ஏரோப்ளேன் மோடில் எப்படிக் கிடைக்கும்? படித்த பெண்.

இதையெல்லாம் எஸ்.ஐ.யிடம் ஒழுங்காகச் சொன்னேன். சுகிர்தபாய் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். மூன்று இடத்தில் நேரம் தவறியிருந்தது, திருத்திக் கொடுத்துக் கையெழுத்திட்டேன். எஸ்.ஐ. போனை ஒரு காகித உறையில் போட்டு அரக்கு வைக்கச் சொன்னார். வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகும் என்று எனக்குத் தெரியும். எண்பதிலேயே அத்தனை நாள் பூட்டி வைத்தால் பேட்டரி என்ன ஆகும்? சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சாரே, எடுத்து வைக்கணும்னா ஐம்பதுக்கு இறக்கி, ஆஃப் பண்ணி வையுங்க, ஒண்ணும் ஆவாது. எனக்க பீரோல அவளுக்க போனை ஓணத்தில இருந்து அப்படியாக்கும் வச்சிருக்கேன், மாசம் ஒருக்க எடுத்து பாப்பேன், வீக்கமும் இல்ல ஒண்ணும் இல்ல, ஆன் பண்ணினா அப்பவே விளிக்கலாம்."