மகேசன் தகர்த்த கிணறு

குளிர்கால மாலை. பொழுது சாய்கிற நேரம். பாபகூராவில் ராணுவ முகாமை ஒட்டி ஒரு சாலை போகும், தெரியுமில்லையா... ஒரு பக்கம் கம்பி வேலி, மறுபக்கம் வெறும் புல்வெளி. ஆள் நடமாட்டமே இருக்காது.

நம் ஜெயபாலனுடைய மாமனாருக்கு நடந்தது இது. பெயர் மகேசன். அப்போது எழுபது வயது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில், மகள் சீதாதேவியோடு இருக்கலாம் என்று வேலூரிலிருந்து கடல் தாண்டி இங்கே வந்தவர். தெருமுனை டெய்ரிக் கடையில் பால் வாங்கிக்கொண்டு தூறலில் நடந்து வருகிறார்.

முகாமுக்குள் ஒரு வெடி. டம்... பயிற்சிதான். அடிக்கடி கேட்பதுதான். ஆனால் அன்றைக்கு, அந்த அதிர்வு அடங்கிய பிறகு இன்னொரு சத்தம்.

கிரீச்... கிரீச்...

தகரக் கிண்ணத்தால் கல்லைச் சுரண்டுகிற சத்தம். காலுக்குக் கீழே இருந்து.

மகேசன் அப்படியே நின்றுவிட்டார். அது என்ன சத்தம் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இருபது வயதில் அவர் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் வெடி வைக்கிற சிப்பாய். வடமேற்கு எல்லையில் ஒரு நாடோடிக் கூட்டம் ஊர்களில் புகுந்து கொள்ளையடித்தது. அவர்களைத் தண்டிக்க ஒரு படை போனது. போய்ச் சேர்ந்தபோது கொள்ளையடித்த ஆண்கள் மலையேறிவிட்டார்கள். மிச்சம் இருந்தது பெண்களும் பிள்ளைகளும் ஆடுகளும். சும்மா திரும்ப முடியுமா? ஆட்டு மயிர்க் கூடாரங்களைக் கொளுத்தினார்கள். ஆடுகளை ஓட்டிக்கொண்டார்கள். அந்தப் பொட்டலில் இருந்த ஒரே கிணற்றைத் தகர்க்கிற வேலை மகேசனுக்கு.

வாய்ச்சுவரில் மருந்து வைத்து முடித்திருந்தார். ஒரு பெண் ஓடி வந்தாள். கிணற்றைக் காட்டினாள். தன் இடுப்புயரத்துக்குக் கையை வைத்துக் காட்டிக் கதறினாள். சிப்பாய்கள் அவளை இழுத்துப் போனார்கள். அவள் பாஷை மகேசனுக்குப் புரியவில்லை. அந்தக் கை புரிந்தது. குனிந்து கேட்டார். தண்ணீர் வற்றிய கிணறு... அடியில் யாரோ ஊற்றைச் சுரண்டி அள்ளுகிறார்கள்.

"அண்ணே, உள்ள ஒரு புள்ள இருக்குதுண்ணே."

"எதிரொலிடா," என்றார் ஹவில்தார். "தொரை பாத்துக்கிட்டிருக்காரு. பத்த வை."

எதிரொலி இல்லை என்று தெரியும். தெரிந்தேதான் பற்றவைத்தார்.

இப்போது பாபகூராவில், தார்ச்சாலைக்கு அடியில், அந்தச் சத்தம் அவரோடு கூடவே வந்தது. நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. ஆட்டு மயிர் கருகிய வாடை வேறு... மூச்சை அடைக்கிறது. வீட்டு வாசலில், நடைபாதைப் புல்லில் பதித்திருந்த இரும்பு மூடிக்குக் கீழே வந்து நின்றது. பிறகு ஓர் இருமல். சின்ன இருமல்.

பாலைக் கீழே போட்டார். குடை முனையால் மூடியை நெம்பினார்.

சத்தம் கேட்டு சீதாதேவி ஓடி வந்து பார்த்தால், அப்பா ஈரப் புல்லில் குப்புறக் கிடக்கிறார். வலது கை தோள்வரைக்கும் குழிக்குள்.

"அப்பா! என்ன பண்றீங்க?"

"புடிச்சிட்டேன்மா... என் இடுப்பப் புடிச்சு இழு. சீக்கிரம்!"

அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ஆனாலும் இழுத்தாள். இழுத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது ஒரு கிழவருடைய கனம் இல்லை. அவரோடு இன்னொரு கனம் தொங்கியது. உதைத்துக்கொண்டு... மூச்சுவிட்டுக்கொண்டு... கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது.

முகாமில் மறுபடி டம்.

கனம் அறுந்தது. இருவரும் மல்லாந்து விழுந்தார்கள்.

"விட்டுட்டேன்," என்று மகேசன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "மறுபடியும் விட்டுட்டேன்."

அன்றைக்குத்தான் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அம்மாவுக்குக்கூடத் தெரியாத கதை. கேட்டு முடித்த சீதாதேவி, அவரைத் தேற்றாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஜெயபாலன், குழிக்குள் ஏதோ பிராணி விழுந்திருக்கிறது என்று சொல்லி நகரக் கவுன்சில் ஆளை வரவழைத்தார். அவன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். தெருக்குழாயை அடைக்கிற வால்வுதான் இருந்தது. அதற்குக் கீழே, குழி முழுக்கப் பழைய கான்கிரீட். ஆழம் எவ்வளவு என்று காட்ட, கையை உள்ளே வைத்தான்.

விரல்கள் கான்கிரீட்டில் முட்டின. மணிக்கட்டு வெளியே நின்றது.