பதிலுக்குத் தட்டினேன்

பிஸெர்த் நகரம், துறைமுகக் குடியிருப்புக் காவல் நிலையத்தில் 2025 பிப்ரவரி 20, வியாழக்கிழமை காலை 10.40 மணிக்குத் தொடங்கிப் பதிவு செய்த வாக்குமூலம்.

சொல்பவர்: ஹாஜர் கார்பூஜ், வயது 31, கணவர் பெயர் செயிஃப் திரீதி. முன்பு கேபிள் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர், தற்போது வேலையில் இல்லை. குழந்தை ஒன்று, பெண், பெயர் ஃபெரியல், வயது இரண்டு ஆண்டு நான்கு மாதம். முகவரி: ஸர்ஸூனா, கப்பல்பட்டறைச் சாலை, ஆறாம் கட்டடம், மூன்றாம் மாடி, இடப்பக்க வீடு.

பக்கத்து வீட்டு மோஞ்ஜியா அவர்களின் மகன் ரிதா கொடுத்த புகார் குறித்து என்னை விசாரித்தார்கள். நான் அவர் தாயாரின் வீட்டுக்குள் பால்கனித் தடுப்பை உடைத்து நுழைந்தேன் என்றும், தாயார் விழுந்து கிடந்ததைப் பார்த்தும் உடனே உதவி கூப்பிடவில்லை என்றும் அதில் எழுதியிருப்பதாகத் தெரிவித்தார்கள். அதற்கு நான் கூறுவதாவது:

மேற்படி வீட்டில் ஐந்து ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். என் கணவர் காபெஸ் நகரத்தில் கப்பல் எந்திரப் பழுது பார்க்கிறார், வெள்ளி இரவு வந்து ஞாயிறு மாலை போய்விடுவார். குழந்தை பிறந்த பிறகு நான் வேலையை விட்டேன். கை சும்மா இருந்தால் எனக்கு நெஞ்சு படபடக்கும். அதனால் வீட்டுக்கு வேண்டியவற்றை நானே செய்யத் தொடங்கினேன். துறைமுகத்தில் கழித்துப் போடும், சரக்கு அடுக்கும் மரத்தட்டுகளைக் கணவர் கொண்டுவருவார், அவற்றைப் பிரித்து ஆணி பிடுங்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொள்வேன். அப்படிச் செருப்பு அலமாரி ஒன்றும், குழந்தை ஏறி நின்று கை கழுவ ஒரு முக்காலியும் செய்தேன். ஒரு பலகையில் நான்கு வகைத் தாழ்ப்பாளும் ஒரு கொண்டியும் ஒரு சங்கிலியும் பூட்டிச் சுவரில் மாட்டினேன். குழந்தை எந்நேரமும் கதவுகளை நோண்டிக்கொண்டிருந்ததால், அந்த ஆசையை இதிலேயே தீர்த்துக்கொள்ளட்டும் என்று செய்தது. ஒவ்வொரு தாழ்ப்பாளை அவள் போடும்போதும் நான் கைதட்டுவேன். பாதியில் நின்றவையும் உண்டு: ஊஞ்சல், திரைச்சீலைக் கம்பி, கட்டில். ஒன்றை முடிக்கும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடுவேன் என்பது என் கணவரின் புகார், அது சரியான புகார்தான்.

லல்லா மோஞ்ஜியாவுக்கு (மூத்த பெண்களை மரியாதையாக லல்லா என்போம்) வயது அறுபத்தாறு. தனியாக இருக்கிறார். குழந்தை பிறப்பதற்கு முன் எங்களுக்குள் நல்ல பழக்கம், பண்டிகைக்குப் பலகாரத் தட்டு போய் வரும். என் சத்தம் தொடங்கிய பிறகுதான் மனஸ்தாபம் வந்தது. நான் வேலை செய்யும் கூடத்துக்கும் அவர் படுக்கையறைக்கும் ஒரே சுவர். சத்தம் அதிகமானால் துடைப்பக் கட்டையால் மூன்று முறை தட்டுவார், நான் நிறுத்துவேன், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தொடங்குவேன். ஜனவரியில் ஒருநாள் படிக்கட்டில் வைத்துக் கேட்டார்.

“ஏம்மா, அது வீடா, தச்சுப் பட்டறையா?”

“பிள்ளைக்கு ஒரு கட்டில்தான், லல்லா.”

“மூணு மாசமா அடிக்கிறியே, அந்தக் கட்டில்ல கப்பலையே படுக்க வைக்கலாம்.”

நான் பதிலுக்கு, “உங்களுக்கு எழுந்திரிச்சா ரேடியோ, படுத்தா தூக்கம். எனக்கு அப்படியா?” என்றேன். அதன் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி சுமாருக்குக் குழந்தைக்கு ரொட்டியும் ஆலிவ் எண்ணெயும் கொடுத்துவிட்டு, கட்டிலின் குறுக்குச் சட்டங்களை அடிக்க உட்கார்ந்தேன். அவளுக்கும் ஒரு மரக்கரண்டி கொடுத்திருந்தேன். அரை மணி நேரத்தில் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. முந்திய இரவு குழந்தைக்குப் பல் வலி, இருவரும் தூங்கவில்லை, அன்று எப்படியும் அந்தக் கட்டிலை முடித்துவிடுவது என்று இருந்தேன். மறுபடி தட்டும் சத்தம் கேட்டது. அதன் பிறகு நான் எழுந்துபோய்ச் சுத்தியலின் பின்பக்கத்தால் அதே சுவரில் மூன்று முறை தட்டினேன். குழந்தை சிரித்தது. தானும் வந்து மரக்கரண்டியால் தட்டியது. அந்தப் பக்கத்திலிருந்து தட்டல் வந்தது. குழந்தை மறுபடி தட்டியது. அதன் பிறகு அது விளையாட்டாகிவிட்டது. அங்கே தட்டினால் நாங்கள் இங்கே தட்டினோம். தட்டல் சில நிமிடங்கள் கேட்டது.

அன்றைய சத்தம் துடைப்பக் கட்டையின் சத்தம் போல் இல்லை. வழக்கமாக என் தோள் உயரத்தில் கேட்கும், அன்று தரையை ஒட்டிக் கேட்டது. குழந்தை அதைத் தேடிக் குனிந்து தட்டியதைப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு சத்தத்துக்கு இடையே இடைவெளி கூடியது, பிறகு நின்றுவிட்டது. நான் குழந்தையிடம், “நாம ஜெயிச்சுட்டோம்” என்று சொன்னேன்.

(இந்த இடத்தில் குழந்தையைக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஹாஜர் கேட்டுக்கொண்டதால் பதிவு 11.05க்கு நிறுத்தப்பட்டு 11.20க்குத் தொடர்ந்தது.)

அதன் பிறகு அடுப்பில் கொண்டைக்கடலைச் சூப் வைத்தேன். கட்டிலின் தலைமாட்டில் துணிப் பூக்கள் ஒட்டுவதற்காக, பசையை உருக்கித் தரும் குளூ கன்னை மின்சாரத்தில் செருகி, அது சூடாகட்டும் என்று தரைவிரிப்பின் மேல் வைத்தேன். பதினொன்றே முக்காலுக்குத் தலைமாட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு, தூசி உள்ளே விழாமல் தேய்க்க பால்கனிக்குப் போனேன். சுத்தியலும் கைரம்பமும் உப்புத்தாளும் அங்கே இருந்தன. கைபேசி உள்ளே இருந்தது. குழந்தை என் பின்னாலேயே வாசல்படி வரை வந்தாள். பிறகு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

அந்தக் கதவின் மேல் தாழ்ப்பாள் உடைந்து போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்தான் கீழ்ப்பக்கத்தில் தற்காலிகமாக ஒன்றை அடித்தேன். மறுநாள் மேலே மாற்றலாம் என்று நினைத்தேன், மாற்றவில்லை. கதவின் மேல் பாதி கண்ணாடி, உள்ளே இரும்புக் கம்பி. கீழ்ப் பாதி தகடு. குழந்தை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தபடி கைதட்டலுக்காகக் காத்து நின்றாள்.

நான் கைதட்டினேன். அதன் பிறகு, “ஃபெரி, கண்ணு, அதைத் திற, அம்மா உள்ள வரேன்” என்று சொன்னேன். போடத்தான் அவளுக்குப் பலம் இருந்தது, இழுக்கப் பலம் இல்லை. இரண்டு முறை முயன்றாள். பிறகு “சுடு, சுடு” என்று சொல்லிக்கொண்டே சமையலறைப் பக்கம் போனாள். அவளுக்கு அந்த வார்த்தை அடுப்பையும் குறிக்கும், உணவையும் குறிக்கும். நான் சுத்தியலால் கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டேன். கம்பிக்கு நடுவே முழங்கைக்கு மேல் போகவில்லை. வலது கையில் தையல் போட்டிருப்பது அதனால்தான். அப்போது முக்காலியைத் தரையில் இழுக்கும் சத்தம் கேட்டது. கால்களுக்கு அடியில் நான் ஒட்டிய கம்பளித் துண்டு ஒன்று கழன்றிருந்ததால் அது எங்கே போகிறது என்பது சத்தத்திலேயே தெரிந்தது.

எங்கள் பால்கனி கப்பல்பட்டறைக் கொட்டகைகளைப் பார்த்தபடி இருக்கிறது. கத்தினேன், காற்று அதிகம், யாருக்கும் கேட்கவில்லை. எங்கள் பால்கனிக்கும் லல்லா மோஞ்ஜியாவின் பால்கனிக்கும் நடுவே இரும்புச் சட்டத்தில் பிளாஸ்டிக் தகடு போட்ட தடுப்பு உள்ளது. அதைச் சுத்தியலால் உடைத்து, மீதியை ரம்பத்தால் அறுத்து அந்தப் பக்கம் போனேன். அவருடைய பால்கனிக் கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது, அதை நான் உடைக்கவில்லை. “லல்லா, கோவிச்சுக்காதீங்க, நான்தான்” என்று கத்திக்கொண்டே அவர் படுக்கையறைக்குள் நுழைந்தேன்.

அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில் கிடந்தார். ஒரு கால் கோணலாக மடிந்திருந்தது. உதடு வறண்டிருந்தது. கையில் குளியலறை மரச்செருப்பு ஒன்று இருந்தது. சுவரில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து கீழே உதிர்ந்திருந்தது. விடியற்காலைத் தொழுகைக்கு எழுந்தபோது விழுந்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்து, “கேட்டுச்சா உனக்கு?” என்றார்.

அதற்கு நான், “பிள்ளை உள்ள இருக்கா, அடுப்பு எரியுது, கதவைப் பூட்டிட்டா” என்றேன். அவரைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அவர் கால்களைத் தாண்டிப் போனேன். வாசல் கதவு பூட்டியிருந்தது. அவர் படுக்கையறையிலிருந்து, “காப்பி டப்பாவுல பாரு. நீ கொடுத்த உன் வீட்டுச் சாவியும் அதுலதான் கிடக்கு. ஓடு, கழுதை, நின்னு பாக்காதே” என்று சொன்னார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, பிரசவத்துக்கும் முன்பு, நான் கொடுத்து வைத்த சாவி அது. கொடுத்ததே எனக்கு மறந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு சாவியையும் எடுத்து, அவர் கதவைத் திறந்து, என் கதவைத் திறந்தேன்.

கூடத்தில் குளூ கன்னுக்குக் கீழே தரைவிரிப்பு புகைந்துகொண்டிருந்தது. குழந்தை அடுப்புக்கு முன்னால் முக்காலியில் ஏறி நின்று, கொதிக்கிற பானையின் மூடியை மரக்கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். மூடி ஒருபக்கம் சரிந்திருந்தது. இடது மணிக்கட்டில் ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. அவள் அழவில்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு அடுப்பை அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன், விரிப்பின் மேல் தண்ணீர் ஊற்றினேன்.

அதன் பிறகு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. எங்கள் மாடிப் படிக்கட்டில் உள்ள கேமரா நான் வீட்டுக்குள் நுழைந்ததை 12.09 என்று காட்டுவதாகவும், ஆம்புலன்ஸுக்கு நான் பேசியது 12.17 என்றும் தெரிவித்தார்கள். இருக்கும். அந்த எட்டு நிமிடத்தில் விரிப்பை அணைத்தது ஒரு நிமிடம். மீதி நேரம் உட்கார்ந்திருந்தேன். லல்லா மோஞ்ஜியா அங்கே கிடக்கிறார் என்பது தெரிந்தே உட்கார்ந்திருந்தேன்.

ஆம்புலன்ஸுக்குப் பேசிய பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரிடம் போனேன். ஈரத்துணியால் உதட்டை நனைத்தேன், போர்வை போர்த்தினேன், காலைத் தொடவில்லை. அவர் குழந்தையின் மணிக்கட்டைப் பார்த்து, “தேன் தடவினியா?” என்று கேட்டார். “இல்ல” என்றேன். “என்னதான் தெரியும் உனக்கு, ஆணி அடிக்கறதைத் தவிர” என்றார். 12.40க்கு ஆம்புலன்ஸ் வந்தது.

அவர் வீட்டில் சாவி டப்பாவையும் ஒரு துணியையும் போர்வையையும் தவிர வேறெதையும் நான் தொடவில்லை. மறுநாள் அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. வெள்ளிக்கிழமை பார்க்கப் போனேன். வார்டு வாசலில் ரிதா என்னை நிறுத்தி, “எங்கம்மா செத்தாங்களான்னு பாக்க வந்தியா?” என்று கேட்டார். கொண்டுபோன சூப்பை நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அந்தப் பாத்திரம் கழுவித் துடைத்து என் கதவருகே வைக்கப்பட்டிருந்தது. யார் வைத்தார்கள் என்று தெரியாது.

என் கணவர் எல்லாப் பலகைகளையும் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டார், நான் தடுக்கவில்லை. கட்டில் முடியவில்லை. குழந்தை தினமும் காலையில் அந்தச் சுவரின் கீழ்ப்பக்கம் தட்டிவிட்டு, காதை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அந்த நேரத்தில் நான் கூடத்தில் இருப்பதில்லை.

லல்லா மோஞ்ஜியா மருத்துவமனையில் கொடுத்த வாக்குமூலத்தை ஆய்வாளர் எனக்குப் படித்துக் காட்டினார். விழுந்ததுமே தனக்கு நினைவு தப்பிவிட்டது என்றும், நான் வந்து கூப்பிட்ட பிறகுதான் நினைவு வந்தது என்றும், சுவரைத் தான் தட்டவே இல்லை என்றும், தன் மகன் பதற்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டான் என்றும் சொல்லியிருக்கிறார். “அவளுக்கு உடைக்கத் தெரியும், திருடத் தெரியாது” என்றும் சொல்லியிருக்கிறார்.

அவர் தட்டவில்லை என்பது உண்மையல்ல. அவர் தட்டினார், நான் கேட்டேன். கோபத்தில் பதிலுக்குத் தட்டினேன், குழந்தையையும் தட்ட விட்டேன். ஒரு முறை போய்க் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் பத்து மணிக்கு முன்பே ஆம்புலன்ஸ் வந்திருக்கும். ஆய்வாளர், “அவங்களே இல்லைங்கறாங்க. நீங்க ஏம்மா இதை எழுதச் சொல்றீங்க?” என்று கேட்டார். லல்லா எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார், அதை நான் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் இருக்க முடியாது என்பதால் எழுதச் சொன்னேன்.

இதில் உள்ளதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, யாருக்கும் பயந்தும் சொல்லவில்லை. எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள், நடந்தது நடந்தபடி இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன். தட்டல் எவ்வளவு நேரம் கேட்டது என்பதற்கு முதலில் ‘சில நிமிடங்கள்’ என்று சொல்லியிருந்தேன். அதை அடித்துவிட்டு ‘முக்கால் மணி நேரம்’ என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் கையெழுத்திட்டேன்.

(ஒப்பம்) ஹாஜர் கார்பூஜ்
இடது கையால் இட்டது. வலது கையில் கட்டு.
என் முன்னிலையில்: ஆய்வாளர். நேரம்: பகல் 12.35.