முதல் பக்கத்தில் செத்த ஆடுகள்

சங்கரன்கோவிலிலிருந்து பனவடலிசத்திரம் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சன்னலோரம் இருந்தவள் போனைப் பார்த்தபடியே, "மூணு ஆடு செத்ததை முதல் பக்கத்துலயே எழுதிட்டேன்" என்றாள். ஆடு வளர்ப்பைப் பற்றித் தானே எழுதிய பிடிஎஃப் புத்தகத்தை ஆன்லைனில் விற்கிறாளாம்.

காலிப் பூக்கூடையை மடியில் வைத்திருந்தவள் அதட்டினாள். "ஏட்டி, அதை எடுத்துட்டு லட்சம் லட்சமா சம்பாதிக்கலாம்னு போடு. அப்பதான் வாங்குவாவ."

"நான் வளத்ததே பத்து ஆடுதான். நம்பி வாங்குதவங்களை ஏமாத்தச் சொல்லுதியா?"

"இதுவரைக்கும் எத்தனை வித்திருக்கு?"

"ஒண்ணு. மெட்ராஸ்ல ஒரு அக்கா வாங்குனாவ. மாடி வீட்டுல தனியா இருக்காவளாம், ஆடே கிடையாது. உங்களுக்கு இது உபயோகப்படாதுக்கா, ரூவாயைத் திருப்பி அனுப்புதேன்னு போன்ல சொன்னேன். வேண்டாம், அந்த மூணு ஆடும் எப்படிச் செத்துச்சுன்னு சொல்லுன்னாவ."

"சொன்னியா?"

"ஒரு மணி நேரம் சொன்னேன்." போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "எங்க வீட்டுல ஒருத்தரும் அதைக் கேட்டதே இல்லட்டி."